பயத்துக்கு ஒரு டிக்கெட்

பொருட்காட்சியில் பேய் வீட்டை விட்டு வெளியே வருகிறவர்களின் முகத்தைப் பாருங்கள். பயம் இருக்காது, காசு போன வருத்தம்தான் இருக்கும். 'பிளாஸ்டிக் எலும்புக்கூடு, சிவப்பு பல்பு, ஸ்பீக்கர்ல ஒரு அலறல்... இதுக்கா இவ்ளோ நேரம் க்யூல நின்னோம்?' போன வருஷமும் இதையேதான் சொன்னார்கள். அடுத்த வருஷமும் போவார்கள்.

ஏமாற்றியது யார்? நாம் வாங்கப் போன சரக்கு என்ன என்று யோசியுங்கள். பயம் வேண்டும்; ஆபத்து வேண்டாம். 5 நிமிஷத்தில் வெளியே வந்து டெல்லி அப்பளம் சாப்பிட வேண்டும். இப்படியொரு உத்தரவாதத்தைக் கேட்டு வாங்கிய பிறகு, பாவம், பேய் என்னதான் செய்யும்?

அந்த உத்தரவாதம் பொய்த்த இடமும் உண்டு. 1984 மே 11. அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஒரு கேளிக்கைப் பூங்கா. அங்கே 'ஹான்டட் காஸில்' என்ற பேய்க் கோட்டையில் தீப்பிடித்தது. புகையைக்கூட ஆட்டத்தின் ஒரு பகுதி என்றே சிலர் நினைத்தார்களாம். எச்சரிக்கை மணி இல்லை. தானாகத் தண்ணீர் தெளிக்கும் குழாய் இல்லை. பதின்வயதுப் பிள்ளைகள் 8 பேர் திரும்பி வரவில்லை.

கொடுத்த காசுக்குப் பயம் கிடைத்ததா என்று கணக்குப் பார்க்கிறோம். தப்பிக்கக் கதவு இருக்கிறதா என்று கேட்கிறோமா? அடுத்த முறை குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நுழையும்போது, முதலில் வெளியேறும் வழியைத் தேடுங்கள். அது இருந்தால் போதும். பேய் சப்பென்று இருந்தாலும் உங்கள் காசு வீண் போகவில்லை!