ஏடும் குரலும்

பதிவு செய்த தேவாரம் வழிபாடு ஆகுமா? எங்கள் ஊர் ஓதுவார் ஐயாவின் பதிகங்களை வீட்டுப் பின்னறையில் பதிவு செய்யத் தொடங்கியது முதல் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. இன்று பல கோயில்களில் மாலை வேளையில் ஒலிபெருக்கிதான் பாடுகிறது. சன்னிதியில் வாய் திறந்து பாடும் ஆளைக் காணோம். நான் செய்யும் பதிவும் அந்த இடத்தில் போய் உட்கார்ந்துவிடுமோ என்ற அச்சம் எனக்கு நிஜமாகவே இருக்கிறது.

என்னிடம் இருப்பது சின்ன மிக்ஸர். ஐயாவின் குரலுக்கு ஒரு கண்டென்சர் மைக். அதற்கு வேண்டிய 48 வோல்ட், மைக் வயர் வழியாகவே மிக்ஸரிலிருந்து போகிறது. கெய்னையும் வால்யூமையும் முழுக்கக் குறைத்து, எக்ஸ்.எல்.ஆர். வயரின் இரண்டு முனையையும் செருகிய பிறகுதான் அந்த 48 வோல்ட் பொத்தானைத் தொடுவேன். அந்த வயரின் உள்வேலை எனக்கு மிகவும் பிடித்தது. மூன்று முள்ளில் ஒன்று எர்த். மற்ற இரண்டிலும் ஒரே குரல்தான் போகிறது, ஒன்றில் நேராகவும் இன்னொன்றில் தலைகீழாகவும். வழியில் வந்து ஏறும் மின் இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறும். மிக்ஸர் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும்போது இரைச்சல் அடிபட்டுப்போகும், குரல் நிற்கும். யு.எஸ்.பி.யில் லேப்டாப்பை இணைத்தபோது வந்த உறுமல் வேறு வகை. மிக்ஸர் ஒரு சுவர் பிளக்கிலும் சார்ஜர் வேறொன்றிலும் இருந்தன. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போட்டதும் அது அடங்கியது.

சுருதிப் பெட்டியை லைன் வாயில் செருகி, ஐயாவுக்கு ஹெட்ஃபோனில் கொடுக்கலாம் என்றேன். அவர் கையமர்த்தினார். "காதை அடைச்சுக்கிட்டு எப்படித் தம்பி பாடறது? சுருதி அறையில நிக்கணும்." வயரைக் கழற்றினேன். பெட்டி அவர் பக்கத்திலேயே ஒலித்தது. குரல் மைக்கில் சுருதியும் கலந்தே விழுந்தது. இனிக் கணினியில் குரலை மட்டும் பிரித்துச் சுருதி திருத்துவது எளிதல்ல. அதுவே நல்லது என்று நினைக்கிறேன். அடிகளுக்கு இடையே அவர் இழுக்கும் மூச்சையும் நான் வெட்டுவதில்லை. எழுபது வயதைத் தாண்டிய உடம்பு இறைவன் முன் நின்று பாடியது என்பதற்கு அந்த மூச்சுதான் சாட்சி.

சைவ சித்தாந்தம் வாக்கை நான்காகப் பிரிக்கிறது: சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி. வெளியே காற்றில் அதிர்ந்து காதில் விழுவது கடைசியாக உள்ள வைகரி மட்டும். மைக்கின் மெல்லிய தகடு அதைத்தான் பிடிக்கும். எத்தனை விலை கொடுத்து வாங்கினாலும் மற்ற மூன்றும் அதில் ஏறா. பாடுகிறவருக்குள் அவை நிகழ்கின்றன. கேட்கிறவருக்குள்ளும் ஏதோ விழித்துக்கொள்ளக் கூடும். நடுவில் உள்ள கருவி பாடவும் இல்லை, கேட்கவும் இல்லை.

திருமுறைகண்ட புராணம் சொல்லும் கதையை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. தில்லையில் பூட்டிக் கிடந்த தேவார ஏடுகளைச் சோழ மன்னரும் நம்பியாண்டார் நம்பியும் திறந்தபோது, கரையான் தின்றது போக எஞ்சிய பாட்டுகள் கிடைத்தன. பண் கிடைக்கவில்லை. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணிடம், எருக்கத்தம்புலியூரில், அதைக் கேட்டுப் பெற வேண்டியிருந்தது. ஏட்டில் ஏறாத பண் ஒரு பெண்ணின் தொண்டையில் உயிரோடு இருந்தது.

என் பதிவு ஏட்டை விட ஒரு படி மேல்தான். பண்ணையும் அது பிடித்து வைக்கிறது. ஆனாலும் அது ஏடுதான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டைப் பாருங்கள். திருப்பதியம், அதாவது தேவாரம், பாட 48 பேர், உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டிமத்தளத்துக்கு ஒருவர் என்று 50 பேரை இராசராசன் நியமித்தான். ஆளுக்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல். ஒருவர் இறந்தால் அவர் உறவினர் அந்த இடத்தில் பாட வேண்டும். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள இன்னொருவரை அமர்த்த வேண்டும். பாட்டு நிற்கக் கூடாது என்று நினைத்த அரசன் அடுத்த குரலுக்கு வழி செய்தான்.

ஆகவே என் முடிவு இது. ஒலிபெருக்கி பாடுவது வழிபாடு ஆகாது. மனமும் வாக்கும் காயமும் சேர்ந்து செய்வது வழிபாடு. ஆளில்லாத சன்னிதியில் ஓடும் பதிவில் வாக்கின் எதிரொலி மட்டுமே உண்டு. அதே பதிவை வீட்டில் ஒருவர் கேட்டு, கண்மூடி, கூடவே முணுமுணுத்தால் அந்த முணுமுணுப்பு வழிபாடு.

ஐயாவின் பதிவுகளைக் கேட்பவர்களுக்கெல்லாம் கொடுக்கிறேன். வாங்கிக்கொள்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: அதில் ஒரு பதிகத்தையாவது பாடிப் பழகுங்கள். பழகியதும் உங்கள் ஊர் ஓதுவாரைத் தேடிப்போய், அவர் இருக்கும்போதே, எதிரில் உட்கார்ந்து பாடிக்காட்டித் திருத்தம் கேளுங்கள்.