புதுமனையும் பொருட்சுமையும்



புதுமனை புகுதல் ஒரு மங்கல நிகழ்ச்சி. அருகப் பெருமானின் திருவுருவை முதலில் உள்ளே எழுந்தருளச் செய்து, விளக்கேற்றி, பால் காய்ச்சி, உற்றார் உறவினர்க்கு விருந்தளித்து மகிழ்கிறோம். நல்ல நேரம் பார்த்து நடத்தும் அந்நிகழ்ச்சி ஒரு வேளைக்குள் முடிந்துவிடுகிறது. அதற்கு முன்னும் பின்னும் உள்ள பணிகளோ பல நாள் நீடிக்கின்றன. வீட்டைத் துப்புரவு செய்தல், மூட்டைகளை ஏற்றி இறக்குதல், அவிழ்த்தல், அடுக்குதல் ஆகிய அப்பணிகளுக்கு நாம் நேரமும் பார்ப்பதில்லை, அறமும் பார்ப்பதில்லை. ஆனால் 5 அணுவிரதங்களுள் முதலாவதாகிய கொல்லாமையும், இறுதியாகிய மிகுபொருள் விரும்பாமையும் ஒருசேரச் சோதிக்கப்படுவது அந்நாட்களில்தான்.

திகம்பர முனிவர்கள் ஊர் விட்டு ஊர் செல்வதைக் கண்டிருக்கிறோம். உயிர்களை ஊறின்றி விலக்க மயிற்பீலி, தூய்மைக்குக் கமண்டலம், ஓதுதற்கு ஞான நூல் ஆகிய மூன்றே அவர்களின் உடைமைகள். பிறர் தோளில் ஏற்றுவதற்கு அவர்களிடம் ஒன்றுமில்லை. இல்லறத்தாராகிய நாம் அவ்வாறு வாழ இயலாது. வந்தவாசி, செஞ்சி, ஆரணிப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து, பணியும் பிள்ளைகளின் கல்வியும் கருதிச் சென்னைக்குக் குடிபெயர்ந்த நம் குடும்பங்கள் பல. தலைமுறையாகச் சேர்ந்த பொருள் லாரியில் ஏறும் நாளில்தான், நம்மிடம் எவ்வளவு இருக்கிறது என்பதை நாமே காண்கிறோம்.

சமந்தபத்திரர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரம் இல்லறத்தாரின் ஒழுக்கத்தை வகுத்துரைக்கிறது. தமிழில் அதன் வழிநின்று எழுந்தது அருங்கலச்செப்பு. ஒவ்வோர் அணுவிரதத்துக்கும் 5 அதிசாரங்கள் உண்டு. விரதம் முறியாவிடினும் அதனை மாசுபடுத்தும் குற்றங்கள் அவை. கொல்லாமையின் அதிசாரங்களுள் ஒன்றாக, தாங்கும் அளவுக்கு மேல் சுமை ஏற்றுதலைச் சமந்தபத்திரர் கூறுகிறார். மிகுபொருள் விரும்பாமைக்கு வரும்போதும் அளவு கடந்த சுமையை மீண்டும் ஒரு குற்றமாக எண்ணுகிறார். ஒரே குற்றம் இரு விரதங்களிலும் இடம்பெறுவது ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. தேவைக்கு மேல் ஒருவன் சேர்த்த பொருள், என்றேனும் ஒருநாள் மற்றோர் உயிரின் முதுகில் ஏறியே தீரும்.

அக்காலத்தில் அச்சுமை எருதின் கழுத்தில் ஏறியது. இக்காலத்தில், இரும்பு அலமாரியை மூன்றாம் மாடிக்குத் தூக்கிச் செல்லும் கூலித் தொழிலாளியின் முதுகில் ஏறுகிறது. அவர் படிக்கட்டின் திருப்பத்தில் மூச்சு வாங்க நிற்கையில், "சீக்கிரம், சீக்கிரம்" என்று கீழிருந்து விரட்டலாமா? அலமாரியைக் காலி செய்து தரலாம். கூட ஓர் ஆளை அமர்த்தலாம். உணவும் நீரும் தடுத்தல் என்பதும் கொல்லாமையின் அதிசாரமே. ஆகவே விருந்தினர்க்கு இலை போடுமுன் அவர்க்கு உணவளித்து, பேசிய கூலியைக் குறையாது கொடுத்தல் இல்லறத்தான் கடன்.

இனித் துப்புரவைக் காண்போம். இல்லறத்தானின் அன்றாடத் தொழில்களில் நேரும் ஆரம்ப இம்சையை அறவே தவிர்க்க இயலாது. எனினும் குறைக்க முயல வேண்டும். கொல்லும் எண்ணத்தோடு செய்யும் சங்கற்ப இம்சையோ முற்றும் விலக்கத்தக்கது. நெடுநாள் பூட்டிக் கிடந்த வீட்டில் சிலந்தியும் எறும்பும் பல்லியும் நமக்கு முன்பே குடியிருக்கின்றன. "நாளை விருந்தினர் வருகிறார்கள்" என்று கூறி, நுழைந்தவுடன் மூலை முடுக்கெல்லாம் நச்சு மருந்து அடிப்பது சங்கற்ப இம்சையே. இரு நாள் முன்னதாகச் சென்றால் அதற்கு வேலையே இராது. பகல் வெளிச்சத்தில் கதவு சன்னல்களைத் திறந்து வையுங்கள். துணி சுற்றிய கோலால் ஒட்டடையை மெல்ல எடுத்து, சிலந்தி இருப்பின் வெளியே நிழலில் விடுங்கள். மென்மையான துடைப்பத்தால் முதலில் பெருக்கி, அதன் பின்னரே தரையில் நீர் ஊற்றுங்கள். பெருக்காத தரையில் நீர் ஊற்றினால் எறும்புகள் மடியும். குடிநீரை இரட்டை மடிப்புத் துணியில் வடிகட்டுங்கள். நீர்த்தொட்டியைக் கழுவி மூடி வைத்தால் கொசு பெருகாது. உணவுத் துணுக்கு சிதறாதிருந்தால் எறும்பு நாடாது. உயிர்கள் பெருகிய பின் கொல்வதினும், பெருகாவண்ணம் தூய்மை காப்பதே அகிம்சை.

மூட்டை அவிழ்ப்பதற்கு முனிவர்களின் 5 சமிதிகளுள் ஒன்றாகிய ஆதான நிட்சேபண சமிதி வழிகாட்டும். எப்பொருளையும் நோக்கி, துடைத்து, உயிர்க்கு ஊறின்றி எடுத்தலும் வைத்தலும் அதன் பொருள். பல மாதம் கட்டிக் கிடந்த பெட்டியை இரவில் அரைகுறை வெளிச்சத்தில் கவிழ்த்துக் கொட்டாமல், பகலில் ஒவ்வொன்றாக எடுங்கள். ஒரு நாளில் முடியாவிட்டால் மறுநாள் தொடருங்கள். சமையற்கூடத்தை முதலில் ஒழுங்கு செய்தால், பொழுது சாயுமுன் உண்ணும் நியமம் முதல் நாளிலேயே தவறாது. பாட்டனார் ஓதிய சாத்திர நூல்கள் பழைய துணிகளோடு பரணுக்குப் போய்விடாமல், கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

இறுதியாக ஒன்று. புறப்பற்று 10 வகை, அகப்பற்று 14 வகை என்பர் ஆன்றோர். மனை, தானியம், இருக்கை, படுக்கை, ஆடை, பாத்திரம் என லாரியில் வந்தவை யாவும் புறப்பற்றுள் அடங்கும். அவற்றை விடாது பற்றும் ஆசை அகப்பற்று. அதற்கு லாரி வேண்டியதில்லை. "என்றாவது உதவும்" என்று நாம் கட்டிவைத்த பெட்டி, குடிவந்து ஓராண்டாகியும் அவிழ்க்கப்படவில்லையெனில், அதிலிருப்பது தேவையன்று, ஆசையே. அதனை அவிழ்த்து, பயன்படும் நிலையிலுள்ள ஆடையையும் பாத்திரத்தையும் இல்லாதார்க்கு வழங்குவோம். உடைந்ததையும் கிழிந்ததையும் தந்துவிட்டுத் தானம் என்று பெயரிட வேண்டா. பின்னர்க் குடும்பத்தார் அனைவரும் கூடி, "இவ்வில்லத்துக்கு இவ்வளவு போதும்" என்று ஓர் அளவு குறித்து, அதனை அருகன் திருமுன் விரதமாக ஏற்போம். பொருள்கள் நிறைந்த பின் அளவு குறிப்பது கடினம். அலமாரிகள் இன்னும் காலியாக இருக்கும் இந்நாட்களே அதற்கு ஏற்றவை.

சுமை குறைந்த இல்லத்தில் தூசு குறையும். தூசு குறைந்தால் உயிர்க்கொலை குறையும். அடுத்த முறை நாம் இடம்பெயர்கையில் மற்றொருவர் முதுகின் பாரமும் குறையும். அத்தகைய இல்லங்கள் நம் சமுதாயத்தில் பெருகுக!

அறம் வளர்க! அனைத்துயிரும் இன்புறுக!