தப்பி வந்தவர்களின் தெய்வம்

சிறுமியின் மரப்பொம்மை தண்ணீரில் விழுகிறது. பார்படோஸிலிருந்து வந்த கிட் டைலர் சட்டென்று குதித்து, நீந்திப் போய் எடுத்துத் தருகிறாள். நன்றிக்குப் பதில் சந்தேகமே கிடைக்கிறது. மூழ்காத பெண் சூனியக்காரிதான் என்று நம்பிய காலம் அது.

எலிசபெத் ஜார்ஜ் ஸ்பியர் 1958-இல் எழுதிய ‘தி விட்ச் ஆஃப் பிளாக்பேர்ட் பாண்ட்’ என்னும் இளையோர் நாவலின் களம், 1687-ஆம் ஆண்டின் கனெக்டிகட். அங்கே குளக்கரையில் தனியாக வாழும் கிழவி ஹன்னா, க்வேக்கர் மதப்பிரிவைச் சேர்ந்தவள். அதற்காகவே மாசசூசெட்ஸில் நெற்றியில் சூடு போட்டுத் துரத்தப்பட்டவள்.

தங்கள் வழிபாட்டுக்காகக் கடல் தாண்டி அங்கே குடியேறிய பியூரிட்டன்கள் என்னும் கிறித்தவப் பிரிவினர், அடுத்தவர் வழிபாட்டை எப்படித் தண்டித்தார்கள்?

போலித்தனம் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் அவர்கள் எல்லோருக்குமான சுதந்திரத்தைத் தேடி வரவே இல்லை. உண்மை தங்களிடம் மட்டுமே இருக்கிறது என்று மனதார நம்பினார்கள். அந்த நம்பிக்கையின் நேர்மைதான் நம்மை அச்சுறுத்த வேண்டும். 1660-இல் பாஸ்டனில் மேரி டயர் என்ற க்வேக்கர் பெண்ணைத் தூக்கிலிட்டவர்களும் பக்திமான்களே.

அதே மாசசூசெட்ஸின் சேலம் என்ற ஊரில் 1692-இல் சூனியக் குற்றம் சாட்டி 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். நீதிபதிகளில் ஒருவரான சாமுவேல் சீவல், 1697-இல் தேவாலயத்தில் சபையார் முன் எழுந்து நின்று தம் குற்றத்தை ஏற்றுக்கொண்டார்.