அயலானுடைய கிணறு



ஏழாம் கற்பனை என்றவுடன் கன்னக்கோலும் கள்ளத்தராசுமே நம் நினைவுக்கு வருகின்றன. அயலானுடைய தண்ணீரைக் கெடுப்பதும் களவுதான் என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? பாலாற்றங்கரையில் குடியிருக்கும் நாம் இதைச் சற்று ஆராய்வது நலம்.

நந்தி மலையில் பிறக்கும் பாலாறு 348 கிலோமீட்டர் ஓடிக் கடலில் சேருகிறது. அதில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில் உள்ளது. வருஷத்தின் பெரும்பகுதி மேலே வெறும் மணலே தெரியும். ஆனால் அந்த மணல்தான் சர்வேசுரன் நமக்குக் கட்டிவைத்த தொட்டி. அது மழைநீரை உறிஞ்சி, வடிகட்டி, இரு கரையிலுமுள்ள கிணறுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறது. கிணற்றைச் சுற்றி வேலி போடலாம். பூமிக்கடியில் ஓடும் நீருக்கு யார் வேலி போட முடியும்? ஆகவே டவுனில் விட்ட கழிவு கிராமத்துக் கிணற்றில் போய் ஊறுகிறது.

நம் பாட்டன்மார் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்டார்கள். பிறகு குரோமியம் வந்தது. அதுவன்றி, பச்சைத் தோல் அழுகாமலிருக்க ஏற்றிய உப்பெல்லாம் கழுவும்போது நீரில் இறங்குகிறது. உப்பேறிய மண்ணில் வேரால் நீரை இழுக்க முடியாது. காலடியில் ஈரமிருந்தும் பயிர் தாகத்தால் வாடும். 1996 ஆகஸ்டு 28-ல் சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பில், இந்தத் தோல் பிரதேசத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுவதுமோ ஓரளவோ சாகுபடிக்கு உதவாமல் போயிற்று என்ற கணக்கு காட்டப்பட்டிருக்கிறது.

கடலிலும் இதே கதைதான். மன்னார் வளைகுடாவிலுள்ள பவளப்பாறைகள் மிகச் சிறிய ஜீவன்கள் தலைமுறை தலைமுறையாய்க் கட்டிய வீடு. அவை அலையைத் தடுத்தன. மீன்களுக்குப் புகலிடம் தந்தன. சுண்ணாம்புக்காக அவற்றை வெட்டினார்கள். அங்கிருந்த 21 தீவுகளில் இரண்டு நீருக்குள் மூழ்கிப்போயின. வெட்டிய கூலி அன்றே செலவாயிற்று. போன தீவு திரும்பவில்லை.

எசேக்கியேல் தீர்க்கதரிசி கொழுத்த ஆடுகளைக் கண்டித்ததை நினைத்துக்கொள்ளுங்கள். அவை தெளிந்த நீரைத் தாங்கள் குடித்துவிட்டு, மீந்ததைக் காலால் கலக்கி, மெலிந்த ஆடுகளுக்கு விட்டுவைத்தன. குடித்ததற்காக அல்ல, கலக்கியதற்காகவே ஆண்டவர் அவற்றைக் கணக்குக் கேட்கிறார்.

“சுவாமி, தோல்தானே எங்களுக்குச் சோறு போடுகிறது?” என்று கேட்பீர்கள். உண்மை. இப்பங்கில் பல வீடுகளில் அடுப்பெரிவதும், பிள்ளைகள் படிப்பதும் அந்தக் கூலியால்தான். அத்தொழில் இழிவானதுமல்ல. அர்ச். இராயப்பர் யோப்பா பட்டணத்தில் தோல் பதனிடும் சீமோன் வீட்டிலேதான் தங்கியிருந்தார். ஆனால் என் சோற்றுக்காக அடுத்தவன் பயிரை அழிக்கலாம் என்று எந்த வேதம் சொல்லுகிறது? கிராமத்தில் கிணறு கெட்டுப்போக, நிலத்தை விட்டு டவுனுக்குக் கூலிக்கு வருகிறவனும் நம் சகோதரனே.

களவாண்டவன் பாவசங்கீர்த்தனம் செய்தால் மட்டும் போதாது. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டுமென்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். சக்கேயு தான் வஞ்சித்ததை நாலு மடங்காய்க் கொடுக்க முன்வந்தான். கெடுத்தவனே நஷ்டஈடு கொடுத்து, நிலத்தையும் சீர்ப்படுத்த வேண்டுமென்று 1996-ல் கோர்ட்டார் சொன்னதும் இதற்கு ஒத்ததே. 2025 ஜனவரி 30-ல் அதே கோர்ட்டு, பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு நஷ்டஈடு கொடுத்து, அதைக் கெடுத்தவர்களிடமிருந்து வசூலிக்கும்படி மறுபடியும் உத்தரவிட்டது. இடையில் ஏறக்குறைய 28 வருஷம். ஒரு குடியானவனுக்கு அது பாதி ஆயுசு!

கழிவு நிலத்தை மட்டுமா கொல்லுகிறது? 2015 ஜனவரி முடிவில் ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, இரவில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சேறு பாய்ந்தது. 10 பேர் மாண்டார்கள். அவர்களில் அநேகர் பிழைப்புக்காக வங்காளத்திலிருந்து வந்தவர்கள்.

ஆகையால் ஒவ்வொருவரும் தம் மனச்சாட்சியைச் சோதிப்போமாக. முதலாளியே, சுத்திகரிப்புச் செலவை மிச்சம் பிடித்த லாபத்தில் அயலான் பங்கு எவ்வளவு? மேஸ்திரியே, மழை பெய்யும் இரவில் மதகைத் திறந்துவிடச் சொன்னால் என்ன பதில் சொல்லுவாய்? தொழிலாளியே, பாதுகாப்பின்றிக் கழிவுக் குழியில் இறங்காதே. அடுத்தவனை இறங்கவும் விடாதே. இல்லத்தரசிகளே, ஆற்றுப் பாலத்தின்மேலிருந்து எறியும் குப்பைப் பையும் அதே மணலில்தான் விழுகிறது. டவுன் சாக்கடையும் பாலாற்றைக் கெடுப்பதால், தோல் வேலை செய்யாதவர்களும் தங்களைக் குற்றமற்றவர்களென்று எண்ண இடமில்லை.

சிருஷ்டியைப் பேணுவது விசுவாசிகளின் கடமையென்று, காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ் 2015-ல் ஒரு நிருபம் முழுவதுமே எழுதினார். ஏதேன் தோட்டத்தில் ஆதி மனிதனுக்குக் கொடுத்த வேலையும் உழுவதும் காப்பதுமாகிய இரண்டுமே. உழுவதை நாம் மறக்கவில்லை, காப்பதைத்தான் மறந்தோம்.

ஞானஸ்நானத்தில் தண்ணீரால் நம்மைப் பிள்ளைகளாக்கிய பிதாவானவர், அந்தத் தண்ணீரை அயலானுக்குச் சுத்தமாய் விட்டுவைக்கும் மனதையும் நமக்குத் தந்தருள்வாராக. ஆமென்.