கேட்டவர் கடன்

‘இண்டிபென்டென்ட் மியூசிக்’ என்பதைச் சுயாதீன இசை என்று எழுதுகிறோம். சினிமாவுக்காகப் போடப்படாத பாட்டு என்பதுதான் நம் ஊரில் அதற்கு நடைமுறை அர்த்தம். சினிமாவில் இல்லாததாலேயே ஒரு பாட்டு யாருக்கும் கட்டுப்படாததாக ஆகிவிடுமா என்று கேட்கலாம். என்னைத் தொந்தரவு செய்வது அதைவிடச் சின்னக் கேள்வி. ஒரு பாட்டை நூறு தடவை கேட்ட நான், அதைப் பாடியவருக்கு ஏதாவது கடன்பட்டிருக்கிறேனா?

‘என்ஜாயி எஞ்சாமி’யை எடுத்துக்கொள்வோம். 2021 மார்ச்சில் வந்தது. பாடியவர்கள் தீயும் அறிவும். இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். ஏ.ஆர். ரஹ்மான் ஆதரவோடு தொடங்கிய ‘மாஜா’ வெளியிட்டது. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் திரும்பியவர். நட்டு வளர்த்த மண்ணில் ஒரு பிடிகூடச் சொந்தமில்லாதவர்களின் கதை அந்தப் பாட்டில் இருக்கிறது. யூடியூபில் மட்டும் நாற்பது கோடி தடவைக்கு மேல் ஓடிவிட்டது.

பிறகு நடந்தது நமக்குத் தெரியும். 2021 ஆகஸ்டில் ஓர் ஆங்கில இசை இதழின் அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை. பா. ரஞ்சித் அதைக் கேள்வி கேட்டார். 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அதே பாட்டு ஒலித்தது. அந்த மேடையிலும் அறிவு இல்லை. அது தன் பாட்டு என்று அவர் எழுதினார். அது கூட்டு உழைப்பு என்று சந்தோஷ் நாராயணன் விளக்கினார். 2024 மார்ச்சில் அதே சந்தோஷ் நாராயணன், மூன்று வருடமாகத் தங்களுக்கு ஒரு பைசாகூட வரவில்லை என்று வீடியோவில் சொன்னார். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பு எழுத நான் வரவில்லை. நிலமற்றவர்களைப் பற்றிய ஒரு பாட்டு, வந்த மூன்றே வருடத்தில் ‘இது யாருக்குச் சொந்தம்’ என்ற வழக்காக மாறியதைத்தான் பார்க்கிறேன். அத்தனை கோடி தடவை கேட்ட நாம் அந்த வழக்கில் எங்குமே இல்லை.

“அதான் மாசாமாசம் சந்தா கட்டுறேனே, வேற என்ன பண்ணணும்?” என்று கேட்கலாம். ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களில் அந்தக் காசு போகும் வழி வேறு. எல்லோருடைய சந்தாவும் ஒரே கிடங்கில் விழும். மொத்தமாக எந்தப் பாட்டு எத்தனை தடவை ஓடியதோ, அந்த விகிதப்படி பிரியும். நான் மாதம் முழுக்க ஒரே ஒரு பாடகரைக் கேட்டாலும் என் காசு அப்படியே அவருக்குப் போய்ச் சேராது. என் காது ஒரு பக்கம், என் பணம் இன்னொரு பக்கம்.

பொத்தேரியில் நான் இருக்கும் அடுக்ககத்தில் பாதிக்கு மேல் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து எடுத்த வீடுகள். எதிர்வீட்டுப் பையன் ராப் எழுதுவான். ராத்திரி ரெண்டு மணிக்கு மேல்தான் ரெக்கார்டிங். அதற்கு முன்னால் ஜிஎஸ்டி ரோட்டு லாரியும் செங்கல்பட்டு ரயிலும் மைக்கில் விழும். ஃபேனை நிறுத்தி, ஜன்னலில் போர்வை கட்டி, வியர்த்துக்கொண்டே பாடி முடித்த பாட்டு பத்து மாதத்தில் 640 தடவை ஓடியிருந்தது. “இன்னும் முந்நூத்தி அறுபது வேணும்ண்ணா” என்றான். 12 மாதத்தில் 1,000 தடவை ஓடாத பாட்டுக்கு ராயல்டி கிடையாது என்று ஸ்பாட்டிஃபை 2024-ல் விதி கொண்டுவந்தது. அப்படி மிச்சமாகும் தொகை ஆயிரத்தைத் தாண்டிய பாட்டுகளுக்குப் போகும். 640 தடவை யாரோ காது கொடுத்திருக்கிறார்கள். கணக்குப்படி யாரும் கேட்கவில்லை.

இதற்காகப் பழைய காலத்தை நினைத்து ஏங்க முடியவில்லை. அன்று கேட்டவரும் காசு கொடுத்தவரும் ஒரே ஆள்தான். அதனாலேயே அவர் அதிகாரம் செய்தார். இழவு வீட்டில் பறையடித்தவருக்கு ஊர் கூலி கொடுத்தது, வீட்டுக்குள் விடவில்லை. 2018 ஜனவரியில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் கீழ்ப்பாக்கத்தில் பறையையும் கானாவையும் மேடையேற்றியபோது திரண்ட கூட்டம், யாரும் யாருக்கும் படியளக்காமல் வந்த கூட்டம். அறிவும் அந்த மேடையிலிருந்து வந்தவர்தான். ஊர்ப் பெரிய மனிதரின் தயவு இல்லாமல் அரக்கோணத்துக் குரல் உலகம் சுற்ற முடிந்தது என்றால், அதில் இணையத்துக்கும் பங்கு உண்டு. சும்மா சொல்லக் கூடாது.

ஆனால் அதிகாரம் போனபோது கடனும் சேர்ந்தே போய்விட்டது. சட்டம் கொஞ்சம் தூரம் வரும். பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் வந்த திருத்தத்தின்படி, எழுதியவரும் மெட்டமைத்தவரும் தங்கள் ராயல்டிப் பங்கை நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாது. விற்ற பிறகும் படைத்தவருக்கு ஏதோ மிச்சம் இருக்கிறது என்று சட்டமே ஒத்துக்கொள்கிறது. அது நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். ஹெட்போன் மாட்டிக்கொண்டு தாம்பரம் ரயிலில் போகிற என்னை அது ஒன்றும் செய்யாது.

வட்டி கேட்டு யாரும் வாசலுக்கு வராத கடன் இது. அதனால்தான் இதை அறம் சார்ந்த கேள்வி என்கிறேன். கட்டாயப்படுத்த ஆள் இருந்தால் அது வெறும் பாக்கி. பாடியவருக்கு நான் யாரென்று தெரியாது, கொடுக்காவிட்டால் நஷ்டமும் இல்லை. அப்போதும் கொடுக்கத் தோன்றுகிறதா?

போன மாதம் எதிர்வீட்டுப் பையனும் நண்பர்களுமாக ஆறு பேர் மொட்டைமாடியில் பாடினார்கள். ஆளுக்கு 100 ரூபாய். 43 பேர் போனோம். ஸ்பீக்கர் வாடகை போக ஒவ்வொருவருக்கும் 350 ரூபாய் நின்றது. அதை வைத்து யாரும் வாழ்ந்துவிட முடியாது. ஆனால் நடுவில் அவன் ஒரு வரியை மறந்து நின்றபோது, முன்னால் உட்கார்ந்திருந்த நாலைந்து பேர் அதை எடுத்துக் கொடுத்தார்கள். அந்த 640-ல் இவர்களும் இருந்திருக்கிறார்கள் என்று அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பாட்டைப் பகிரும்போது எழுதியவர், பாடியவர், வாசித்தவர் பேரைச் சேர்த்துப் போடலாம். நுழைவுச்சீட்டு இருந்தால் வாங்கலாம். ‘ஃப்ரீ பாஸ் இருக்கா ப்ரோ’ என்று கேட்காமல் இருக்கலாம். இவ்வளவையும் செய்தாலும் கணக்கு நேராகாது என்று எனக்குத் தெரியும். ஆனால் கேட்டது நான்தான் என்று ஒருமுறையாவது அவர்கள் காதில் விழும்படி சொல்ல வேண்டியிருக்கிறது.