திரைக்குப் பின்னே ஒரு மதரஸா

 

ரமலான் பிறை பதினேழு வந்தால் பத்ருப் போரின் தியாகிகளை நாம் நினைவு கூர்கிறோம். ஹிஜ்ரி 58-ம் ஆண்டில் அதே பிறையில்தான், அன்னை ஆயிஷா நாயகி ரலியல்லாஹு அன்ஹா அவர்கள் மதீனாவில் வபாத்தானார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் எழுதியுள்ளனர். ஹஜ்ரத் அபூஹுரைரா ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் ஜனாஸாத் தொழுகையை முன்னின்று நடத்த, இரவு நேரத்தில் ஜன்னத்துல் பகீயில் அவர்கள் அடக்கம் செய்யப்பட்டார்கள்.

நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் இவ்வுலகைப் பிரிந்தது ஹிஜ்ரி 11-ல். அதற்குப் பின் அன்னையார் ஏறத்தாழ 47 ஆண்டுகள் வாழ்ந்தார்கள். அவர்கள் வயிற்றில் ஒரு பிள்ளையும் பிறக்கவில்லை. ஆயினும் மூமின்கள் அனைவருக்கும் தாய் என்ற பட்டத்தை அல்லாஹ்வே அருளினான். அந்த 47 ஆண்டுகளை அவர்கள் எப்படிக் கழித்தார்கள் என்பதுதான் நாம் சிந்திக்க வேண்டிய விஷயம்.

அவர்களுடைய சிறிய அறையே மதரஸாவாயிற்று. நடுவே ஒரு திரை. அப்புறம் அன்னை, இப்புறம் மாணவர்கள். அவர்கள் வாயிலாக நமக்குக் கிடைத்துள்ள ஹதீஸ்கள் 2,210 என்று கணக்கிடப்பட்டுள்ளது. சஹாபாப் பெருமக்களே ஒரு மார்க்க விஷயத்தில் ஐயம் வந்தால் அந்தத் திரையண்டை வந்து கேட்டுத் தெளிந்தார்கள். நாயகம் அவர்கள் ரஜபு மாதத்தில் உம்ரா செய்ததாக இப்னு உமர் அவர்கள் ஒருமுறை சொன்னார்கள். அறைக்குள்ளிருந்து அதைக் கேட்ட அன்னையார், ரஜபில் ஒருபோதும் செய்ததில்லை என்று திருத்திக் கூற, இப்னு உமர் அவர்கள் மறுத்துப் பேசாமல் மௌனமாக இருந்துவிட்டார்கள். கற்றறிந்த தாயின் சொல்லுக்கு முன் மௌனமாவதில் ஆண்மக்களுக்கு எந்த இழுக்கும் இல்லை.

தகப்பனை இழந்த தம்பி மகன் காஸிமைத் தாமே எடுத்து வளர்த்தார்கள். சகோதரி அஸ்மா அவர்களின் மகன் உர்வாவுக்கு அறிவூட்டினார்கள். இவ்விருவரும் மதீனாவின் ஏழு பெரும் சட்ட மேதைகளில் இடம் பெற்றார்கள். அம்ரா என்ற பெண்மணியும் அன்னையாரின் அரவணைப்பில் வளர்ந்தவரே. பிற்காலத்தில் கலீபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் அவர்கள், ஆலிம்கள் ஒவ்வொருவராக மறைந்துவிட்டால் அறிவும் அழிந்துவிடுமே என்று அஞ்சி, ஹதீஸ்களை எழுதிச் சேகரிக்கும்படி மதீனாவுக்குக் கட்டளை அனுப்பினார்கள். அதில் அம்ரா அவர்களிடம் உள்ளவற்றையும் எழுதும்படி பெயர் சொல்லியே குறிப்பிட்டார்கள்.

வியாபாரிகளாகிய நமக்கு இன்னொரு செய்தியும் உண்டு. ஒருநாள் அன்னையாருக்கு ஒரு லட்சம் திர்ஹம் வந்தது. மாலைக்குள் அத்தனையையும் ஏழைகளுக்குப் பங்கிட்டுவிட்டார்கள். அன்று அவர்கள் நோன்பு. நோன்பு திறக்க ஒரு திர்ஹத்துக்கு இறைச்சி வாங்கியிருக்கலாமே என்று பணிப்பெண் சொன்னபோது, முன்பே ஞாபகப்படுத்தியிருந்தால் வாங்கியிருப்பேனே என்றார்களாம். பணத்தை வைத்துப் போகாமல் அறிவை வைத்துப் போனார்கள். பதினான்கு நூற்றாண்டாகியும் அந்த முதல் குறையவில்லை.

"அது மதீனா, அவர்கள் நாயகத்தின் பத்தினி, நம் தமிழ்நாட்டுப் பெண்களுக்கு அது எட்டுமா?" என்று கேட்போர் இருக்கலாம். நம்மவர் கப்பலேறிய நாகூரையே பார்ப்போம். 1917-ல் அங்கே பிறந்தவர் சித்தி ஜுனைதா பேகம். பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. பன்னிரண்டு வயதில் நிக்காஹ். பின்னர் நான்கு பெண்மக்களுக்குத் தாய். அத்தோடு அறிவு நின்றுவிட்டதா? இல்லை. 1938-ல் அவர் எழுதிய "காதலா கடமையா" என்ற நாவல் வெளிவந்தது. அதற்கு முன்னுரை வழங்கியவர் தமிழ்த் தாத்தா உ. வே. சாமிநாதையர் அவர்கள்! தமிழில் நாவல் எழுதிய முதல் முஸ்லிம் பெண்மணி என்று இன்று அவரைப் போற்றுகிறோம். 1998-ல் மறையும்வரை எண்பது ஆண்டுகள் வாழ்ந்தார். அவரைப் படிப்பித்தது பள்ளிக்கூடம் அன்று; வாசிப்பும் விடாமுயற்சியுமே.

இனி நம் பினாங்குக்கு வருவோம். சூலியா தெருவிலும் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைச் சுற்றியும் கடை வைத்த நம் முன்னோர், ஊரில் குடும்பத்தை விட்டுவிட்டு வந்தவர்கள். "ராஜுலா" கப்பல் 1973 வரை சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே ஓடியது. வாப்பா ஒருமுறை ஊர் திரும்ப ஆண்டுகள் சென்றன. அத்தனை ஆண்டுகளும் பிள்ளைக்கு பிஸ்மி சொல்லிக் கொடுத்தவர் யார்? யாஸீன் ஓதவைத்தவர் யார்? அளவையில் குறைக்காதே, அடுத்தவன் காசைத் தொடாதே என்று மனத்தில் பதித்தவர் யார்? உம்மாவும் உம்மும்மாவும்தான். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களின் பெண்கள் பலர் அரபுத் தமிழில் எழுதவும் படிக்கவும் வல்லவர்களாக இருந்தார்கள். நாம் இங்கே கல்லாவில் உட்கார்ந்து நாணயம் பேணினோம் என்றால், அந்த நாணயம் அவர்கள் அடுப்பங்கரையில் அச்சிடப்பட்டது.

மனிதன் இறந்தால் அவன் அமல்கள் முடிந்துவிடுகின்றன, மூன்றைத் தவிர என்பது நாயக வாக்கின் கருத்து. நிலையான தர்மம், பயனுள்ள கல்வி, தனக்காக துஆச் செய்யும் ஸாலிஹான பிள்ளை. ஓதிக்கொடுத்த தாய்க்கு இம்மூன்றில் இரண்டு கைவசமாகிவிட்டன. மூன்றாவதான தர்மத்தை அவர் பெயரால் செய்து முடிப்பது பிள்ளையின் கடன். கடையின் கணக்கை ஆண்டு முடிவில் மூடிவிடலாம். தாயின் கணக்கு கியாமத் வரை திறந்தே இருக்கிறது; அதில் வரவு வைக்க வேண்டியவர்கள் நாமே.

ஆகவே சகோதரர்களே, தாய் மௌத்தானபின் நாற்பதாம் நாள் சாப்பாடு போடுவது இருக்கட்டும். அவர் உயிரோடிருக்கும்போதே அருகில் அமருங்கள். அவர் அறிந்த துஆக்களையும், ஊர்ச் செய்திகளையும், பெட்டியில் வைத்திருக்கும் அரபுத் தமிழ்க் கிதாபின் பொருளையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கலீபா அம்ரா அவர்களை நினைத்ததுபோல நாமும் நினைப்போம். உங்கள் பெண்மக்களின் படிப்புக்குக் கணக்குப் பார்க்காதீர்கள். வீட்டில் சிறு பிள்ளைகளுக்கு அலிஃப் பே ஓதிக்கொடுக்கும் உஸ்தாத் பெண்மணிக்குச் சம்பளம் தருவதைக் கடைச் சிப்பந்திக்குத் தருவதற்கு முன் தாருங்கள்.

யா அல்லாஹ்! எங்களை ஈன்று, எங்களுக்கு ஓதித் தந்த தாய்மார்களில் இருப்போருக்கு நீண்ட ஆயுளையும் ஆபியத்தையும் தருவாயாக! மறைந்தோரின் கப்ருகளை ஒளியாக்குவாயாக! அன்னை ஆயிஷா நாயகியின் அறிவிலிருந்து எங்கள் பெண்மக்களுக்கு ஒரு பங்கை அருள்வாயாக! ஆமீன்.