காவலுக்குக் காவல் யார்?

'காவல்' என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. தீங்கு வாராமல் காத்தல் ஒன்று, அடைத்துவைத்தல் மற்றொன்று. முதற்பொருளை நம்பியே இரண்டாவதற்குரிய அதிகாரத்தை மக்கள் அரசுக்கு வழங்கியுள்ளனர். அந்நம்பிக்கை பொய்த்தால் விடைகூற வேண்டியவர் யார்?

மாட்டுங்காவிலும் தாராவியிலும் வாழும் தமிழருள் பலருக்கு நெல்லைச் சீமையே பூர்விகம். அச்சீமையின் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரம் கடந்து கடையைத் திறந்துவைத்ததாகக் கூறி, வணிகர் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்சும் 2020 ஜூன் 19ஆம் நாள் காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஜூன் 22 இரவு மகனும் மறுநாள் தந்தையும் உயிரிழந்தனர்.

அடித்தவர் சிலரே. ஆயினும் இடையில் மருத்துவர் ஒருவர் உடல்தகுதிச் சான்று அளித்தார், நடுவர் ஒருவர் சிறைக்கு அனுப்ப ஆணையிட்டார், சிறையும் ஏற்றுக்கொண்டது. ஏடுகளில் எல்லாம் முறைப்படியே நடந்தன. கடமை பல கைகளில் பிரியும்போது பொறுப்பு எவர் கையிலும் தங்குவதில்லை.

சிலப்பதிகாரப் பாண்டியனும் கோவலனைத் தன் கையால் வெட்டினான் அல்லன். எனினும் கண்ணகி மெய்ம்மை காட்டியபோது, ஏவலர்மேல் பழியை ஏற்றாமல் தன்மேல் ஏற்று உயிர்துறந்தான். இன்று எவர் உயிரையும் நாம் கேட்கவில்லை; விடையைத்தான் கேட்கிறோம்.

அவ்விடையும் எளிதில் கிட்டவில்லை. நிலையத்துக் கண்காணிப்புக் கருவியின் பதிவுகள் நாள்தோறும் தாமே அழியுமாறு அமைக்கப்பட்டிருந்தன. விசாரிக்கச் சென்ற நடுவருக்கே ஒத்துழைப்பு மறுக்கப்பட்டது. உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அந்நிலையத்தை வருவாய்த்துறையின் பொறுப்பில் வைக்க ஆணையிட நேர்ந்தது. இவற்றினிடையே, அங்குப் பணிபுரிந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர், அச்சத்தினிடையேயும், தாம் கண்டதைச் சொன்னார். பின்னர் மத்தியப் புலனாய்வுத் துறை காவலர்கள்மீது கொலைக் குற்றம் சாட்டியது.

கேள்வி கேட்டால் காவலரின் ஊக்கம் குன்றும் என்பர் சிலர். நேர்மையாளரின் ஊக்கம் குன்றுவது, தவறு செய்தவர் தண்டனையின்றித் தம் அருகிலேயே பணியில் நீடிக்கக் காணும்போதன்றோ?

காவலர்மீதான முறையீடுகளை விசாரிக்க, ஓய்வுபெற்ற நீதிபதியின் தலைமையில் ஆணையம் வேண்டும் என 2006இல் உச்சநீதிமன்றம் பணித்தது. தமிழ்நாட்டின் 2013ஆம் ஆண்டுச் சட்டமோ உள்துறைச் செயலரைத் தலைவராகவும் காவல்துறைத் தலைவரை உறுப்பினராகவும் அமைத்தது. வழக்குக்கு உரியவரே தீர்ப்பும் கூறுவது நடுநிலை ஆகுமா?

ஒரு பெண்ணின் துணிவால் உண்மை வெளிவந்தது அவருக்குப் பெருமை. அத்தகைய துணிவு தேவைப்பட்டது நமக்குச் சிறுமை. உண்மை உரைப்பது அன்றாடக் கடமையாக அமையும் காவல் நிலையமே முதற்பொருளிற் காவல் எனத் தகும்.